ஜோசையா தோர்னின் கடிகாரம்

மாலை 5.10. ஸ்கார்பெக் நகர அருங்காட்சியகத்தின் பின்கட்டு அறை.

பெட்டியைத் திறந்த காப்பாளர் ஹெப்பிள் உள்ளே இருந்ததை ஒரு முறை பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பிரையனி, இது என்னது?” என்று உதவியாளரைக் கேட்டார்.

“தோர்ன் கடிகாரம், சார்.”

“கையில எடுத்துப் பாரு.”

எடுத்தாள். திருப்பினாள். பின்மூடியில் அசல் வெள்ளி என்பதற்கான முத்திரை இருக்கவேண்டிய இடம் மழமழவென்று இருந்தது.

“இது அந்த டி.வி.க்காரங்க நடிகருக்காகச் செஞ்ச நகல்” என்றார் ஹெப்பிள். “நம்மளோடது எங்க?”

பிரையனி காலிப் பெட்டியின் அடித்துணியைத் தூக்கிப் பார்த்தாள்.

1868-இல் கம்பளி ஆலை முதலாளி ஜோசையா தோர்ன், உள்ளே தாழிட்ட தன் படிப்பறையில் மண்டை உடைந்து கிடந்தார். கொன்றவன் யார் என்று இன்றுவரை தெரியாது. அன்று அவர் கோட்டுக்குள் போட்டிருந்த இடுப்புச்சட்டையின் பையில் இருந்த கடிகாரம்தான் அருங்காட்சியகத்தின் ஒரே பெருமை. யார்க்‌ஷயரில் ஸ்கார்பெக்கைத் தேடி ஒரு ஆள் வருகிறான் என்றால் அது அந்தக் கொலைக்காகத்தான்; ஊரின் காற்றுக்காக எவனும் வருவதில்லை.

“படப்பிடிப்புக்குக் காலையில கொண்டுபோனது நீ. சாயங்காலம் கொண்டுவந்தது நீ. பெட்டிச் சாவி நாள் முழுக்க உன்கிட்ட” என்றார் ஹெப்பிள். “நான் போலீஸைக் கூப்பிடறேன். நாளையிலிருந்து வேலைக்கு வராதே. சேர்ந்து ரெண்டு மாசம்கூட ஆகல, அதுக்குள்ள…”

மாலை 6.30. தோர்ன் மாளிகை.

ஹெஸ்டர் கிளெக்குக்குச் செய்தி எட்டியபோது அவர் மாளிகையின் முன்கூடத்தில், செயற்கை மூடுபனி விடும் இயந்திரத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் எதற்கு மூடுபனி என்பது அவர் கேள்வி. பார்க்க நன்றாக இருக்கும் என்பது இயக்குநர் ரூபர்ட்டின் பதில்.

ஹெஸ்டர் வரலாற்றுப் பேராசிரியர். விக்டோரியா காலத்துக் கொலைகளைப் பற்றி நான்கு தடித்த புத்தகங்கள் எழுதியவர். அவற்றைப் படித்தவர்கள் கொஞ்சம் பேர்தான். படித்தவர்கள் அவரை எதிர்த்துப் பேசுவதில்லை. ‘தீராத கொலைகள்’ என்ற இந்தத் தொடருக்கு வரலாற்று ஆலோசகர் என்று அவரை அமர்த்தியிருந்தார்கள். தவறுகளைச் சுட்டிக்காட்டுவது அவர் வேலை. அதைக் காதில் வாங்காமல் இருப்பது மற்றவர்கள் வேலை. படப்பிடிப்புக் குழுவில் அவருக்கு ‘இல்லை அம்மா’ என்று பெயர். அதுவும் அவருக்குத் தெரியும்.

கடிகாரத்தை ஒரு நாள் இரவல் தரமாட்டேன் என்று ஹெப்பிள் மூன்று மாதம் பிடிவாதம் பிடித்தார். “என் பேச்சை நம்பிக் கொடுங்க” என்று கேட்டு வாங்கியவர் ஹெஸ்டர். ஆகவே இப்போது அவர் தலையும் சேர்ந்தே உருண்டது. ஆனால் அவருக்கு நெஞ்சு பதறியது அதற்காக அல்ல. போலீஸ் வரச்சொன்னதால் திரும்பி வந்து, கூடத்தின் மூலையில், கண்கள் சிவக்க, கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு பிரையனி உட்கார்ந்திருந்த விதம் அவரை என்னவோ செய்தது.

சார்ஜென்ட் நஸ்ரீன் அக்தர் வந்தார். குட்டையான பெண்மணி, நிதானமான குரல். எல்லோருடைய பைகளையும் கார்களையும் பெட்டிகளையும் சோதனை போட வைத்தார். ஒன்றும் அகப்படவில்லை. படிப்பறைக்கு வெளியே, உள் நடைபாதையில் வாய் கட்டிய ஒரு துணிமூட்டை கிடந்தது. கட்டின் ஓரத்து இடுக்கு வழியே உள்ளே விரலை விட்டார். விரல் சிவப்பாக வந்தது.

“இது என்ன கருமம்?”

“செத்தவரோட உடுப்பும்மா” என்றார் டெஸ். நாடகப் பொருட்கள், உடைகள் இரண்டுக்கும் பொறுப்பு இந்தப் பெரியவர்தான். “ரத்தம் இல்ல, சர்க்கரைப் பாகுல சாயம். அதை இனி யாரும் தொடக்கூடாது. படம் வெட்டி ஒட்டி முடிக்கிற வரைக்கும் தோய்க்கறதில்ல, பிரிக்கறதில்ல. திரும்ப எடுக்கணும்னா கறை அதே இடத்துல இருக்கணும் பாருங்க.”

சார்ஜென்ட் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு மேலே நடந்தார்.

விசாரணை முன்கூடத்திலேயே நடந்தது. முதலில் பிரையனி.

“காலையில என்ன நடந்துச்சு? வரிசையாச் சொல்லு.”

“ஒன்பது மணிக்குப் பெட்டியோட வந்தேன். பதினோரு மணி வரைக்கும் நடிகரை வச்சுப் பிணம் கிடக்கிற காட்சி எடுத்தாங்க. அதுக்கு நகல்தான். அப்புறம் பன்னெண்டு மணிக்கு, படிப்பறை மேஜைமேல, மொதல்ல நகலை வச்சு ஒரு ஷாட், அதே இடத்துல நிஜக் கடிகாரத்தை வச்சு ஒரு ஷாட். ஒண்ணு இன்னொண்ணா மாறுற மாதிரி.”

“அப்ப யார் யார் உள்ள?”

“ரூபர்ட் மட்டும். பழைய பலகைத் தரை, ஆள் நடந்தா கேமரா ஆடுதுன்னு எல்லாரையும் வெளிய போகச் சொன்னார். அவரே கேமராவும் பிடிச்சார். நான் வாசப்படியில நின்னேன்.”

“கடிகாரம் கண்ணுலயே இருந்துச்சா?”

“அவர் முதுகுதான் தெரிஞ்சுது. முடிச்சதும் அவரே பெட்டியில வச்சு மூடி என் கையில கொடுத்தார். நான் பூட்டிட்டேன். சாப்பாட்டு நேரம் முழுக்க பெட்டி என் மடியில.”

“திறந்து பார்த்தியா?”

“இல்ல.” அவள் குரல் இறங்கியது. “மூணு மணிக்குத்தான் திரும்பத் திறந்தேன். டொமினிக் கையில எடுத்துக்கிட்டுப் பேசினார். முடிஞ்சதும் உடனே பூட்டிட்டேன்.”

“போற வழியில எங்கயாவது நின்னியா?”

“ஒரு பேக்கரியில. பன்றி இறைச்சி வச்ச பேஸ்ட்ரி ஒண்ணு வாங்கினேன். மத்தியானம் சாப்பிடல.”

“பெட்டி?”

“கார்ல.”

சார்ஜென்ட் நோட்டில் அந்த வார்த்தையின் அடியில் கோடு போட்டார். அந்தக் கோடே பிரையனிக்குப் போதுமானதாக இருந்தது. அவள் தலை குனிந்துகொண்டது.

அடுத்து டெஸ்.

“நகல் கடைசியா எங்க இருந்துச்சு?”

“என் தட்டுல வச்சுட்டேன்னு ரூபர்ட் சொன்னாரு. தட்டு நடைபாதையில இருந்துச்சு. நான் பார்க்கலம்மா.”

“ஏன் பார்க்கல?”

“எங்க பார்க்க விட்டாங்க? பன்னெண்டு மணியிலிருந்து டாக்டரம்மா என்னைச் சமையலறையில வச்சுப் பிடி பிடின்னு பிடிச்சாங்க.” டெஸ் ஹெஸ்டரைக் கை காட்டினார். “நகல்ல தலையில குமிழ் வச்சுட்டேனாம், வரிவரியா, திருகுற மாதிரி. அந்தக் காலத்துல தோர்ன் மாதிரி ஆளுக்கு அப்படிக் கடிகாரம் கிடையாதாம். பின்மூடியைத் திறந்து, ஓட்டையில குட்டிச் சாவியை விட்டு முடுக்கணுமாம். எனக்கென்னம்மா தெரியும்? நான் பழைய கடையில கிடைச்சதுல பூச்சு போட்டேன். அரை மணி நேரம் திட்டு வாங்கினேன்.”

“முக்கால் மணி நேரம்” என்றார் ஹெஸ்டர். அவருக்குத் தன் திட்டுகளில் கூடக் கணக்கு சரியாக இருக்கவேண்டும்.

“அப்புறம்?”

“அப்புறம் ரத்த உடுப்பு மூட்டை வாய் திறந்து கிடந்துச்சு. எண் போட்ட பிளாஸ்டிக் பட்டையால இறுக்கிக் கட்டி, ஒன்றரைன்னு நேரம் எழுதிட்டு சாப்பிடப் போனேன். தட்டை அப்படியே வண்டியில ஏத்திட்டேன்.”

ஹெஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சார்ஜென்ட், நீங்க விரலை விட்டப்ப அந்தப் பட்டை இருந்துச்சா?”

“இருந்துச்சு. ஓரத்து இடுக்கு வழியாத்தான் விட்டேன். ஏன்?”

“சும்மாக் கேட்டேன்.”

அடுத்து வந்தவர் டொமினிக் ஃபேன்ஷா. நாடெங்கும் தெரிந்த முகம். கொலை நடந்த அறைகளில் மெல்ல நடந்து, கண்களைச் சுருக்கி, குரலைத் தாழ்த்திப் பேசுவது அவர் தொழில். பால் தீர்ந்துபோனதைக் கூட அதே குரலில்தான் சொல்வார்.

“நான் லண்டனிலிருந்து வந்ததே ரெண்டு மணிக்கு இங்க வந்து சேர்ற ரயில்ல, சார்ஜென்ட். மூணு மணிக்குக் கடிகாரத்தைக் கையில வாங்கினேன். நூத்தைம்பது வருஷத்துச் சோகம் என் உள்ளங்கையில கனத்துச்சு.”

“சோகம் இருக்கட்டும். கடிகாரத்தை என்ன பண்ணீங்க?”

டொமினிக் கொஞ்சம் நெளிந்தார். “ஒரு சின்னத் தப்பு பண்ணிட்டேன். அருங்காட்சியகத்துக்காரங்க கோவிச்சுக்கப் போறாங்க. பேசிக்கிட்டே தலைக் குமிழை ரெண்டு மூணு தடவை திருகிட்டேன். எங்கப்பா கடிகாரம் ஞாபகத்துல கை தானாப் போயிடுச்சு. ஓடாத பொருளை முடுக்கக்கூடாதுன்னு தெரியும். மன்னிச்சிடுங்க.”

“அது பரவாயில்ல” என்றார் சார்ஜென்ட், எழுதிக்கொண்டே. “பிரையனிகிட்டத்தானே திருப்பிக் கொடுத்தீங்க?”

“அவ கையிலதான்.”

ஹெஸ்டர் தேநீர்க் கோப்பையை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். பிறகு குடித்தார். ஆறிப்போயிருந்தது, அவர் கவனிக்கவில்லை.

கடைசியாக ரூபர்ட். உயரமான ஆள், கழுத்தில் மப்ளர், எப்போதும் சற்று மூச்சு வாங்குவதுபோல ஒரு அவசரம்.

“எனக்கு அந்தப் பொண்ணைப் பார்த்தாப் பாவமாத்தான் இருக்கு” என்றார். “ஆனா பாருங்க, மூணு மணிக்கு டொமினிக் கையில நிஜக் கடிகாரம் இருந்ததுக்குப் படமே இருக்கு. அதுக்கப்புறம் அதைத் தொட்டது அவ ஒருத்திதான். நகல் என் ஆளோட தட்டுல திறந்து கிடந்துச்சு. போறபோக்குல எடுத்துப் பையில போட எவ்வளவு நேரமாகும்?”

“அந்த மூணு மணி ஷாட்ல” என்றார் ஹெஸ்டர், “டொமினிக் பின்மூடியைத் திறந்து சாவி ஓட்டையைக் காட்டணும்னு நான் எழுதியிருந்தேன். தோர்ன் தினம் படுக்கப் போகுமுன்ன முடுக்கின சாவி, கொலைக்கப்புறம் காணாமப் போனது, அதைச் சொல்றதுக்கு. அதை ஏன் வெட்டினீங்க?”

“நேரமில்ல, டாக்டரம்மா. அதான் சாப்பாட்டு நேரத்துலயே வெட்டிட்டேன். சாவி எங்க போனா யாருக்கென்ன? பார்க்கறவங்களுக்கு முகமும் மூடுபனியும் போதும்.”

வெளியே வண்டிச் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தால் செய்திச் சேனல் வண்டி ஒன்று வாசலில் நின்றது. பின்னாலேயே இன்னொன்று.

“இவங்களுக்கு யார் சொன்னது?” என்று முகம் சுளித்தார் சார்ஜென்ட். “நான் ஸ்டேஷனுக்கே இன்னும் விவரம் சொல்லல.”

ரூபர்ட் மப்ளரைச் சரிசெய்துகொண்டார்.

இரவு 7.45.

“அந்த மூணு மணிப் படத்தை நான் பார்க்கலாமா?” என்று ஹெஸ்டர் கேட்டார்.

சார்ஜென்ட் ஏற்கெனவே ஒரு முறை பார்த்திருந்தார். “அதுல ஒண்ணும் இல்லம்மா. மேல்பாதியை அவர் விரல் மறைக்குது. முகப்பு மட்டும்தான் தெரியுது. ரெண்டும் முகப்புல ஒரே மாதிரிதானாமே.”

“எனக்குப் பார்க்க வேண்டாம். கேட்கணும்.”

சிறிய திரையில் டொமினிக் கண்களைச் சுருக்கினார். கடிகாரத்தை நெஞ்சருகே பிடித்திருந்தார். சட்டையில் குத்திய மைக்கிலிருந்து அது அரைச் சாண் தூரம்கூட இருக்காது. “இந்தக் கடிகாரம் மட்டும் வாய் திறந்தால்…” என்று அவர் குரல் தாழ்ந்த இடத்தில், அடியில், மெல்லிய ஒலி.

கிர்க். கிர்க். கிர்க்.

ஹெஸ்டர் அதை மூன்று தடவை போட்டுக் கேட்டார். மூன்றாம் தடவை அவர் முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்து சார்ஜென்ட் அக்தர் நோட்டை மூடினார்.

“என்னம்மா?”

“காலையில ஒன்பது மணிக்கு எல்லாரையும் இங்க வரச்சொல்லுங்க. ஹெப்பிளையும். அதுவரைக்கும் அந்த நடைபாதைக்கு ஒரு கான்ஸ்டபிளைப் போடுங்க. ஒரு துரும்பும் நகரக்கூடாது.” பிறகு, மூலையில் இருந்தவளிடம் போனார். “பிரையனி, வீட்டுக்குப் போ. சாப்பிடு. தூங்கு.”

“தூக்கம் வருமா டாக்டர்? எங்க தெருவே டி.வி.யில என் பேரைப் பார்க்கப் போகுது.”

“பார்க்கட்டும். நாளைக்கும் பார்ப்பாங்க இல்லையா?”

காலை 9.00. படிப்பறை.

எல்லோரும் வந்திருந்தார்கள். ஹெப்பிள் பிரையனியைப் பார்க்காமல் புத்தக அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெஸ்டர் நடுவில் நின்றார். பத்து நாளாக அவர் பேசும்போது எவரும் திரும்பிப் பார்த்ததில்லை. இன்று அத்தனை கண்களும் அவர் மேல். அதை அவர் ரசித்தார் என்பதை மறைப்பானேன்?

“மிஸ்டர் ஹெப்பிள், உங்க கடிகாரத்தை எப்படி முடுக்குவீங்க?”

“முடுக்கறதே இல்ல. முடுக்கணும்னா பின்மூடியைத் திறந்து சாவியால. இந்தக் கேள்வி எதுக்கு?”

“தலைக் குமிழைத் திருகினா?”

“அது குமிழே இல்ல. வளையம் மாட்டற கட்டி வெள்ளித் தண்டு. உடைச்சாத்தான் அசையும்.”

“டொமினிக், நேத்து மூணு மணிக்கு நீங்க திருகினது அசைஞ்சுதா?”

“அசைஞ்சுதே. சத்தம்கூடக் கேட்டுது.”

“மைக்கும் கேட்டிருக்கு.” ஹெஸ்டர் சார்ஜென்டைப் பார்த்தார். “நாம எல்லாரும் எதை நம்பினோம்? மூணு மணி வரைக்கும் நிஜம் இருந்துச்சு, அதுக்கப்புறம் மாறிச்சு. ஏன்னா படம் இருக்கு. டி.வி.யில ஒருத்தர் தாழ்ந்த குரல்ல ‘இதுதான் அந்தக் கடிகாரம்’னு சொல்லிட்டா நம்பிடறோம். ஆனா அவர் கையில திருகினது நகலோட குமிழ். நூத்தைம்பது வருஷத்துச் சோகம்னு அவர் பேசினது பழைய கடைச் சரக்கைப் பிடிச்சுக்கிட்டு.”

டொமினிக்கின் முகம் ஒரு மாதிரி ஆனது. முதல் முறையாக அவர் சாதாரணக் குரலில் பேசினார். “அடக் கடவுளே. அதை ரெண்டு டேக் எடுத்தோமே.”

“ஆக, பெட்டியில நகல் மூணு மணிக்கு முன்னாடியே இருந்துச்சு. சாப்பாட்டு நேரத்துல பெட்டி பூட்டி, பிரையனி மடியில. அவளே மாத்தியிருந்தா, போற வழியில நிதானமா மாத்தியிருப்பா. டொமினிக் கையில, கேமரா முன்னாடி, நகலைக் கொடுத்து மாட்டிக்கத் துணிவாளா? பின்மூடியைத் திறந்து காட்டற ஷாட் இருக்குன்னு காலைத் தாள்ல எல்லாருக்கும் போயிருந்துச்சு. அந்த ஷாட்டை எடுத்திருந்தா நகல்ல சாவி ஓட்டை இல்லைன்னு அந்த நிமிஷமே தெரிஞ்சிருக்கும். அப்ப, மாத்தினவருக்கு அந்த ஷாட் நடக்காதுன்னு நிச்சயமாத் தெரியணும். அதை வெட்டற அதிகாரம் இந்த வீட்டுல ஒருத்தருக்குத்தான்.”

ரூபர்ட் சிரித்தார். “ஒரு ஷாட்டை வெட்டினதுக்காக என்னைத் திருடன்ங்கறீங்களா? அப்படிப் பார்த்தா நான் தினம் திருடன்.”

“பன்னெண்டு மணிக்கு ரெண்டு கடிகாரமும் ஒண்ணா இருந்த ஒரே இடம் இந்த மேஜை. உள்ள இருந்த ஒரே ஆள் நீங்க. பெட்டியை மூடிக் கொடுத்ததும் நீங்க. டெஸ் அந்நேரம் என்கிட்ட திட்டு வாங்கிட்டு இருந்தார், அதுக்கு நானே சாட்சி. டொமினிக் ரயில்ல இருந்தார். நடிகர் காட்சி முடிஞ்சதும் ஊருக்குப் போயிட்டார்.”

“சரி. அப்ப நிஜக் கடிகாரம் எங்க? என்னையும் என் பையையும் சோதிச்சாச்சே.”

“அதுக்கு நான் ஒரு ஷாட் திரும்ப எடுக்கணும்” என்றார் ஹெஸ்டர். “டெஸ், செத்தவரோட உடுப்பைக் கொண்டுவாங்க.”

ரூபர்ட்டின் கை மப்ளரிலிருந்து கீழே இறங்கியது. “அந்த மூட்டையைத் தொடாதீங்க. கட்டைப் பிரிச்சா தொடர்ச்சி கெட்டுப்போகும்.”

“இந்தப் பத்து நாள்ல நீங்க ஒரு விஷயம் சரியா இருக்கணும்னு கவலைப்பட்டு இப்பத்தான் பார்க்கறேன், ரூபர்ட்.”

டெஸ் மூட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். சார்ஜென்ட் பட்டையின் எண்ணைச் சரிபார்த்தார். டெஸ் எழுதிய நேரத்தை உரக்கப் படித்தார்: ஒன்றரை. கத்தரியால் வெட்டினார். பாகு காய்ந்து விறைத்த சட்டை, கால்சட்டை, கடைசியில் அடியில் திணித்திருந்த இடுப்புச்சட்டை. அதன் உள்பையில் ஒரு சின்னப் பொட்டலம். கேமரா கண்ணாடி துடைக்கும் மஞ்சள் துணி.

துணியை ஹெப்பிள்தான் பிரித்தார். பின்மூடியைத் திறந்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். நடுவில், பித்தளை வளையத்துக்குள், சாவி ஓட்டை.

“இதுதான்” என்றார். இன்னொரு முறை சொன்னார். “இதுதான்.”

“ஒன்றரை மணிக்குக் கட்டின மூட்டை அதுக்கப்புறம் பிரிபடல” என்றார் சார்ஜென்ட் மெதுவாக. “அப்ப, அந்தப் பொண்ணு பேக்கரியில நின்னப்ப கடிகாரம் இங்க தூங்கிட்டு இருந்துச்சு.”

“மாசக்கணக்கா தூங்கியிருக்கும்” என்றார் ஹெஸ்டர். “படம் வெட்டி முடிக்கிற வரைக்கும் எவனும் தொடாத ஒரே பொருள் ரத்தம் பட்ட உடுப்பு. இது இந்தத் தொழில் செய்யறவங்களுக்குத்தான் தோணும். மஞ்சள் துணி கேமரா பிடிச்சவரோடது. நேத்து இங்க கேமரா பிடிச்சது ஒருத்தர்தான். எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணு. ஏன்? விக்கிறதுக்கா?”

ரூபர்ட் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். அவசரமெல்லாம் போய், ஆள் பாதியாகத் தெரிந்தார்.

“விக்கறதா? நான் என்ன திருடனா?” என்றார். “சேனல்ல தொடரை நிறுத்தப் போறாங்க. இதோட சரின்னுட்டாங்க. ஒரு கொலைக் கடிகாரம் படப்பிடிப்புல காணாமப் போச்சுன்னா நாடே பார்க்கும். கடைசிப் பாகத்துல நானே கண்டுபிடிச்சுக் கொடுக்கற மாதிரி வச்சிருந்தேன். ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. யாருக்கும் நஷ்டமில்ல, டாக்டரம்மா.”

“செய்திக்காரங்களைக் கூப்பிட்டதும் நீங்கதான்.”

ஆமாம் என்று தலையாட்டினார் ரூபர்ட்.

ஹெஸ்டருக்குக் கோபம் வந்தது. பத்து நாளில் மூடுபனிக்கும் மெழுகுவர்த்திக்கும் வந்த கோபமெல்லாம் இதன் முன் விளையாட்டு. “யாருக்கும் நஷ்டமில்லையா? இதோ நிக்கிறா பாருங்க. அவ பேரு நேத்து ராத்திரி செய்தியில வந்துச்சு. நீங்க கடைசிப் பாகம் போடற வரைக்கும் அவ இந்த ஊர்ல எப்படித் தலை காட்டுவா? தோர்னைக் கொன்னது அவரோட வேலைக்காரிதான்னு இந்தத் தொடர்ல சொல்ல வச்சீங்க. ஆதாரம் கேட்டேன். செத்துப்போனவ வழக்குப் போட மாட்டான்னு சிரிச்சீங்க. உயிரோட இருக்கறவளையும் அதே மாதிரி நினைச்சுட்டீங்க.”

சார்ஜென்ட் அக்தர் ரூபர்ட்டின் தோளைத் தொட்டு எழுப்பினார்.

“வாங்க சார். வாசல்ல கேமராக்காரங்க நிறைய பேர் காத்திருக்காங்க. வெளிச்சமும் நல்லா இருக்கு.”

டெஸ் பிரையனியின் பக்கம் வந்து நின்றார். “கண்ணு, நேத்து உன்னைப் பத்தி ஒரு நிமிஷம் தப்பா நினைச்சுட்டேன். மனசுல வச்சுக்காதே.”

“ஒரு நிமிஷம்தானே டெஸ்” என்றாள். “நான் உங்களைப் பத்தி ராத்திரி முழுக்க நினைச்சேன்.”

டெஸ் வாய்விட்டுச் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

காலை 10.40. அருங்காட்சியக வாசல்.

செய்தி அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. நேற்று தோர்ன் மாளிகை வாசலில் நின்ற வண்டிகள் இன்று இங்கே நின்றன. எதிர்த்த தபால் அலுவலகப் படியிலும், இறைச்சிக் கடை வாசலிலும் ஆட்கள் கூடியிருந்தார்கள். பிரையனி காரிலிருந்து இறங்கியபோது பேச்சு நின்றது. அவள் கையில் பெட்டி. பின்னால் ஹெஸ்டர்.

ஒருவர் மைக்கை நீட்டினார். “மிஸ் பிரையனி, நேத்து ராத்திரி எப்படி இருந்துச்சு?”

“நீங்கதான் சொல்லணும். நீங்க காட்டிட்டு இருந்தீங்க, நான் பார்த்துட்டு இருந்தேன்.”

தபால் அலுவலகப் படியிலிருந்து யாரோ கைதட்டினார்கள். தெருவே தட்டியது. பிரையனிக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. ஆனால் தலையைக் குனியவில்லை.

ஹெப்பிள் முன்னால் விரைந்து வந்திருந்தார். படியில் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார். காது வரை சிவந்திருந்தது. “கொடும்மா, நான் உள்ள கொண்டுபோறேன். நேத்து நான் பேசினது… நீ எதுவும்…”

பிரையனி பெட்டியைக் கொடுக்கவில்லை.

“இதை நானே கொண்டுவந்து வைக்கறேன், சார்” என்றாள். “நீங்க கதவைத் திறங்க.”

ஹெப்பிள் கதவைத் திறந்து, அவள் உள்ளே போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.